கூட்டத்துச் சொற்கள்: பிறப்பும் பொருளும்

நானுஓயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் டெஸ்போட், கிளாசோ, எடின்பரோ, ரதல்ல என்று எதை எடுத்தாலும், ஒரே டிவிசனுக்குள் நாலைந்து சங்கமாவது இருக்கும். தொழிற்சங்கக் கமிட்டி, கோயில் பரிபாலன சபை, மரணாதாரச் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், இளைஞர் கழகம். எல்லாவற்றுக்கும் கூட்டம் உண்டு, கையொப்பப் புத்தகம் உண்டு. ஆனால் கூட்டத்தில் புழங்கும் சொற்களின் பொருள் முன்வரிசையில் இருக்கும் இரண்டு மூன்று பேரோடு நின்றுவிடுகிறது. பிரேரணை, ஆமோதித்தல், கூட்ட நடப்பெண், யாப்பு என்று அவர்கள் சொல்லிக்கொண்டே போக, பின்னால் நிற்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது தூக்குகிறார்கள். காசு போனதும் கணக்கு மறைந்ததும் பெரும்பாலும் இப்படிப்பட்ட கூட்டங்களில்தான். புதிதாகச் செயலாளர் ஆனவருக்கும், பின்னால் நிற்கிற அக்காவுக்கும் சேர்த்தே இந்த இயல் எழுதப்படுகிறது.

பிரட்டும் கூட்டமும்

தோட்டத்தில் ஆட்கள் ஒன்றுகூடும் பழைய இடம் பிரட்டுக்களம். ஆங்கிலப் பரேட் தோட்டத்து வாயில் பிரட்டு ஆனது. விடியற்காலைக் குளிரில் வரிசையில் நின்று, பேர் கூப்பிட்டதும் பதில் சொல்லி, எந்த மலைக்கு வேலை என்று கேட்டுக்கொண்டு கலைவது பிரட்டு. அங்கே பேசுபவர் ஒருவர், மற்றவர்கள் கேட்பவர்கள். எத்தனை பேர் கூடினாலும் அது கூட்டமல்ல.

கூட்டம் என்பது வேறு. அங்கே எவரும் எழுந்து பேசலாம், பேசியது எழுத்தில் பதியும், முடிவு எண்ணிக்கையால் வரும். இப்படி ஒன்று மலையகத்துக்கு வரத் தொழிற்சங்கம் வரவேண்டியிருந்தது. வெளியாட்கள் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாத காலத்தில், கோ. நடேசய்யர் 1931ல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் மேடைகளில் பாடி மக்களைக் கூட்டினார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அதே ஆண்டில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் தொழிற்சங்கம் உருவாகி, 1950ல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று பெயர் மாறியது. நாம் இன்று கோயில் மண்டபத்தில் பாய் விரித்து நடத்துகிற கூட்டத்தின் நடைமுறை பெரும்பாலும் இந்தச் சங்க மேடைகளிலிருந்து இறங்கி வந்தது.

தலைவர், தவிசாளர்

தோட்டத்தில் ‘தலைவர்’ என்றால் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர்தான். கோயில் கமிட்டிக்கும் ஒரு தலைவர், மரணாதாரச் சங்கத்துக்கும் ஒரு தலைவர் இருப்பதால் எழுத்தில் குழப்பம் வரும். கூட்ட அறிக்கையில் ‘தலைவர் கூறினார்’ என்று மட்டும் எழுதாமல், எந்தச் சங்கத்தின் தலைவர் என்று முதல் தடவையிலேயே எழுதிவிடுங்கள்.

பிரதேச சபைக்குப் போனால் அங்கே இருப்பவர் தவிசாளர். தவிசு என்பது ஆசனத்துக்கான பழந்தமிழ்ச் சொல். ஆங்கிலத்திலும் நாற்காலியை வைத்தே அந்தப் பதவிக்குப் பெயர். இதில் ஒரு பயனுள்ள எண்ணம் இருக்கிறது. அதிகாரம் ஆளுக்கு அல்ல, அந்த ஆசனத்துக்கு. கூட்டம் முடிந்து எழுந்தால் அவரும் மற்றவர்களைப் போல ஓர் அங்கத்தவர். அதனால்தான் தலைமை தாங்குபவர் உங்கள் தாய்மாமனாகவே இருந்தாலும், கூட்டத்தில் ‘தலைவர் அவர்களே’ என்று விளித்துப் பேசுவது முறை. ‘மாமா, நீங்க போன மாசம் சொன்னது என்னாச்சு’ என்று கேட்டால் அது குடும்பப் பேச்சாகிவிடும். ‘தலைவர் அவர்களே, சென்ற கூட்டத்து முடிவு என்ன ஆனது’ என்று கேட்டால் பதில் சொல்லும் கடமை அந்த ஆசனத்துக்கு வந்துவிடுகிறது. தோட்டத்தில் முக்கால்வாசிப் பேர் ஒருவருக்கொருவர் உறவு. ஆகவே இந்த ஒரு பழக்கம் பல மனக்கசப்பைத் தவிர்க்கும்.

செயலாளருக்கு எத்தனை பெயர்

ஒரே பதவியை நாலு சொற்கள் நாலு விதமாகப் பார்க்கின்றன. ஆங்கிலச் செக்ரட்டரி இரகசியத்தைக் காப்பவர். அரசருக்கு அந்தரங்கக் கடிதம் எழுதியவர்களுக்கு வழங்கிய பெயர் அது. நம் தாத்தா காலத்து நோட்டிசுகளில் காணும் காரியதரிசி, காரியத்தைக் கண்காணிப்பவர். செயலாளர், செயலை ஆள்பவர். சிங்களத்தில் லேகம், எழுதுதல் என்ற பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்தது. நம் சங்கங்களுக்கு நான் பரிந்துரைப்பது லேகம் என்ற சொல்லின் எண்ணத்தை. செயலாளரின் முதல் வேலை எழுதுவது. எல்லா வேலையையும் தானே ஓடி ஓடிச் செய்துவிட்டு ஒன்றையும் எழுதாமல் விடுகிற செயலாளர்கள் எத்தனையோ பேர். அவர்கள் நல்லவர்கள், உழைப்பவர்கள். ஆனால் அவர்கள் விலகும் நாளில் சங்கத்தின் நினைவே அவர்களோடு போய்விடுகிறது.

பொருளாளர் முன்பு தனாதிகாரி. போஷகர் என்றால் போஷிப்பவர், ஊட்டி வளர்ப்பவர். ஆதரவு தருவது அவர் பங்கு, முடிவெடுப்பதில் பங்கு உண்டா என்பதை யாப்பில் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

அங்கத்தவர், சந்தா, சந்த

அங்கத்தவரில் உள்ள அங்கமும், உறுப்பினரில் உள்ள உறுப்பும், ஆங்கில மெம்பரின் இலத்தீன் மூலமும் உடலின் ஒரு பாகத்தையே குறிக்கின்றன. சங்கம் உடல் என்றால் சந்தா கட்டுகிறவர் அதன் கை, கால். தொழிற்சங்கச் சந்தா பெரும்பாலும் சம்பளத்தில் பிடித்து நிர்வாகத்தின் வழியாகச் சங்கத்துக்குப் போய்வந்தது. அதனால் தாம் பணம் கொடுக்கும் அங்கத்தவர் என்ற உணர்வே பலருக்கு மங்கிவிட்டது. சம்பளத்தில் பிடித்தால் சம்பளத் துண்டில் அந்த வரி இருக்கும். அந்த வரிதான் கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமைச் சீட்டு.

சந்தா பாரசீகத்திலிருந்து உருது, இந்துஸ்தானி வழியாக வந்தது. ‘சில’, ‘எவ்வளவு’ என்ற பொருளுள்ள சொல்லோடு தொடர்புடையது. சிங்களத்தில் ‘சந்தய’ என்றால் வாக்கு. ஒலி கிட்டத்தட்ட ஒன்று, பிறப்பு வேறு. சிங்களச் சொல்லின் மூலம் விருப்பம் என்று பொருள்படும் வடமொழி, பாளிச் சொல். பௌத்த பிக்குகளின் விநய விதிகளில், நோயுற்றுச் சங்கக் கூட்டத்துக்கு வரமுடியாத பிக்கு தன் இசைவை இன்னொருவர் மூலம் சொல்லி அனுப்புவதற்கும் இதே பெயர். பதிலாள் மூலம் சம்மதம் தெரிவிக்கும் முறைக்கு இவ்வளவு பழைய சான்று நம் அண்டை வீட்டில் இருக்கிறது. சிங்கள அயலவரும் அங்கம் வகிக்கும் சங்கங்களில் ‘சந்தா கொடுங்கள்’ என்பது ‘சந்த கொடுங்கள்’ என்று கேட்கக்கூடும். கூட்டத்துக்கு முன்பே இரண்டையும் விளக்கிவிடுவது நல்லது.

அரச அலுவலகக் கடிதங்களில் வரும் வேறு சில சிங்களச் சொற்களையும் மனதில் வைத்திருங்கள். சபாபதி தலைவர். பாண்டாகாரிக பொருளாளர். ரெஸ்வீம கூட்டம். யோஜனாவ பிரேரணை. வார்தாவ அறிக்கை. சபாபதி, யோசனை, வார்த்தை என்று பாதி நமக்குத் தெரிந்த முகங்கள்தான்.

யாப்பு

தமிழ்நாட்டில் சங்கத்தின் சட்டதிட்டம் என்பார்கள். நாம் யாப்பு என்கிறோம். யாத்தல் என்றால் கட்டுதல். எழுத்து, அசை, சீர் எல்லாம் கட்டுப்பட்டு நின்றால் செய்யுள் என்று இலக்கணக்காரர் சொன்ன அதே சொல்லைச் சங்க விதிகளுக்கு வைத்தவர்கள் நல்ல காது உள்ளவர்கள். தளை தட்டினால் செய்யுள் கெடும். யாப்பை மீறி எடுத்த முடிவும் அப்படியே செல்லாமல் போகும்.

தொழிற்சங்கங்களுக்கு 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஏழு பேர் கையொப்பமிட்டுப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தோடு விதிகளும் போக வேண்டும். சின்னச் சங்கங்களுக்கு இவ்வளவு கட்டாயம் இல்லை. ஆனாலும் நாலு விஷயமாவது எழுத்தில் இருக்கட்டும்: யார் அங்கத்தவர், வங்கிக் கணக்கில் யார் யார் கையொப்பம், கூட்டம் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, கணக்குப் புத்தகத்தை அங்கத்தவர் எப்போது பார்க்கலாம். கடைசியாகச் சொன்னது இல்லாத யாப்பில் தயவுசெய்து கையொப்பமிட வேண்டாம்.

கூட்ட நடப்பெண்

பலரும் கோரம் என்றே சொல்கிறோம். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் குறைவெண். நம் அரசியலமைப்பின் தமிழில் கூட்ட நடப்பெண், அதாவது கூட்டம் நடப்பதற்கு வேண்டிய எண்ணிக்கை. 225 பேர் கொண்ட பாராளுமன்றத்துக்கு அது 20தான்.

இலத்தீன் கோரத்துக்கு ‘அவர்களுள்’ என்பதுதான் நேர்ப்பொருள். பழைய இங்கிலாந்தில் சமாதான நீதவான்களை நியமிக்கும் ஆணையில் பலருடைய பெயரை எழுதிவிட்டு, ‘அவர்களுள் இன்னார் கட்டாயம் இருக்க வேண்டும்’ என்று சேர்ப்பார்கள். அந்த ‘அவர்களுள்’ பெயராகவே நிலைத்துவிட்டது. ஆக, முதலில் அது தலை எண்ணிக்கையைப் பற்றியதல்ல, குறிப்பிட்ட சில ஆட்களின் வருகையைப் பற்றியது. இந்தப் பழைய எண்ணம் நமக்கு இப்போதும் உதவும். பணம் செலவிடும் முடிவு எடுக்கும் கூட்டத்தில் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதோடு, பொருளாளரும் இருந்தே ஆகவேண்டும் என்று யாப்பில் சேருங்கள்.

எண்ணை வைக்கும்போது தோட்டத்து வாழ்க்கையைப் பார்த்து வையுங்கள். கொழுந்து நிறைந்த மாதங்களில் அந்திக் கொழுந்து நிறுத்து மடுவத்திலிருந்து பெண்கள் வீடு திரும்பவே பொழுது சாய்ந்துவிடும். பிறகு தண்ணீர், அடுப்பு, பிள்ளைகள். அங்கத்தவரில் பாதிப் பேர் என்று வைத்துவிட்டு, மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் போட்டால் பெண்கள் இல்லாத கூட்டம்தான் நடக்கும். நாலில் ஒரு பங்கு, அதில் பெண்கள் இத்தனை பேர் என்று வைத்து, ஞாயிறு காலையில் கூட்டுங்கள்.

நிகழ்ச்சி நிரல்

நிரல் என்றால் வரிசை. செய்யுளில் சொற்களை ஒரு வரிசையிலும் அவற்றின் பொருளை அதே வரிசையிலும் நிறுத்துவதற்கு நிரல்நிறை என்று பெயர். ஆங்கிலத்தார் எடுத்தாளும் அஜெண்டா, இலத்தீனில் ‘செய்யப்பட வேண்டியவை’. வரவேற்புரை, தலைமையுரை, மௌன அஞ்சலி, நன்றியுரை என்று உரைகளாலேயே நிரலை நிரப்பினால் செய்ய வேண்டியதற்கு நேரம் இராது. கணக்கறிக்கையை மேலே கொண்டு வாருங்கள். இருட்டியபின், பாதிப் பேர் எழுந்து போனபின் கணக்கு வாசிக்கிற வழக்கத்தை அங்கத்தவர்கள் ஏற்கவே கூடாது.

பிரேரணை

பிரேரித்தல் வடமொழியில் தூண்டுதல், உந்துதல். ஆங்கில மோஷனும் அசைவுதான். ஒருவர் உந்தினால் போதாது, இரண்டாம் ஆள் வேண்டும், அவர் ஆமோதிப்பவர். ஆமோதம் என்றால் மகிழ்ச்சி, நறுமணம். தமிழ்நாட்டில் முன்மொழிதல், வழிமொழிதல். எந்த இணையை எடுத்தாலும் சரி, ஓர் அறிக்கைக்குள் கலக்காமல் எழுதுங்கள். வாக்கெடுப்புக்கு முன் அது பிரேரணை, நிறைவேறிய பின் தீர்மானம். ‘தீர்மானம் கொண்டுவருகிறேன்’ என்று தொடங்கினால் முடிவு ஏற்கனவே எடுத்தாயிற்று என்ற எண்ணம் கேட்பவர்களுக்கு வந்துவிடுகிறது.

நம் புத்தகங்களில் அதிகம் காணும் வாக்கியம் இது: ‘தண்ணீர்ப் பிரச்சினை பற்றிப் பேசப்பட்டு நடவடிக்கை எடுக்கத் தீர்மானிக்கப்பட்டது.’ யார் பேசினார்கள், யார் எடுப்பார்கள், எப்போது, எவ்வளவு? ஒன்றும் இல்லை. அதையே இப்படி எழுதலாம்:

‘பிரேரணை 2. மேற்பிரிவு லயத்து நீர்த்தாங்கிக்கு மூடி போடச் சங்க நிதியிலிருந்து ரூபா 8,500க்கு மேற்படாமல் செலவிடுவது. பிரேரித்தவர் பெயர், ஆமோதித்தவர் பெயர். ஆதரவு 31, எதிர்ப்பு 4, நடுநிலை 2. நிறைவேறியது. பொறுப்பு: பொருளாளர். பற்றுச்சீட்டுகளை அடுத்த கூட்டத்தில் சமர்ப்பிக்க வேண்டும்.’

ஐந்தாறு வரிதான். ஆறு மாதம் கழித்து எவர் எடுத்துப் படித்தாலும் விளங்கும்.

ஒழுங்குப் பிரச்சினை என்ற சொல்லையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது யாரையும் ஒழுங்கற்றவர் என்று குற்றம் சாட்டுவதல்ல. நடப்பது விதிப்படி இல்லை என்று எழுந்து சுட்டிக்காட்டும் உரிமை. ‘தலைவர் அவர்களே, ஒழுங்குப் பிரச்சினை. ஆமோதிப்பவர் இல்லாமலே வாக்கெடுக்கிறீர்கள்’ என்று பத்தொன்பது வயதுத் தங்கச்சி சொன்னாலும் தலைவர் நிறுத்திப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வாக்கு

வாக்கு என்றால் சொல். கொடுத்த வாக்கு என்றால் உறுதி. ஆங்கில வோட்டின் இலத்தீன் மூலமும் நேர்த்திக்கடன், சூளுரை. பேலட் இத்தாலியச் சொல். வெனிஸில் பெட்டிக்குள் போட்ட சின்ன உருண்டை. நம் பக்கத்தில் ஓலை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடத்தில் ஓலையிட்டு வாரியத்துக்கு ஆள் எடுத்த முறையைச் சொல்கின்றன. அது பிராமணர் சபை. நிலமும் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டும். உழைத்தவர்களுக்கு அங்கே இடம் இருந்ததில்லை. இருந்தாலும் அதிலுள்ள ஒரு விதியை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வரக்கூடாது. அவர்கள் அமைத்த வாரியங்களில் ஒன்றின் பெயர் தோட்ட வாரியம் என்பதைப் படிக்கும்போது நம் ஊர்க்காரர் எவருக்கும் ஒரு கணம் மனம் நிற்கும்.

மலையகத்தில் வாக்கு என்ற சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். நுவரெலியாவில் வென்றவர் சௌ. தொண்டமான். 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதன் பின் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் நம்மவரில் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. தொண்டமான் மறுபடி மக்கள் வாக்கால் பாராளுமன்றம் போனது 1977ல், நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியில். இடைப்பட்ட முப்பது ஆண்டில் நம் பாட்டன் பாட்டிமார் பலருக்குக் கை உயர்த்தி வாக்களிக்கக் கிடைத்த இடங்கள் சங்கக் கூட்டமும் கோயில் கூட்டமும்தான். ஆகவே எண்ணாமலே ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று எழுதிவிடாதீர்கள். ஏகமனது என்றால் ஒரே மனது. ஒருவர் எதிர்த்திருந்தாலும் அது பொய். எண்ணி எழுதுங்கள். சமமாக வந்தால் தலைவருக்கு அறுதியிடும் வாக்கு உண்டா என்பதை யாப்பு சொல்ல வேண்டும்.

கூட்ட அறிக்கை

ஆங்கில மினிட்ஸ் இங்கே நிமிடத்தைக் குறிப்பதல்ல. இலத்தீனில் சிறியது என்று பொருள். சிறு எழுத்தில் எடுத்த முதற்குறிப்பு. கூட்ட அறிக்கை என்று பிரித்தே எழுதுங்கள். கூட்டறிக்கை என்றால் பலர் சேர்ந்து விடும் அறிக்கை என்றாகிவிடும். கட்டிய கொப்பியில், பக்க எண்ணிட்டு, பேனாவால். கழன்று வரும் தாள்கள் வேண்டாம்.

மகஜர், இராஜினாமா

மகஜர் அரபு மொழியிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. முன்னிலையில் இருத்தல் என்பது வேர்ப்பொருள். நீதிமன்றத்தில் ஆஜராவதும் அதே வேர். கையொப்பமிட்டவர்கள் எல்லாம் அதிகாரியின் முன் நேரில் நிற்பதற்குச் சமம் என்று எண்ணி எழுதுங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், லயத்தின் இலக்கம், கையொப்பம். ஒருவர் பத்துப் பேருக்குக் கையொப்பம் வைத்தால் அந்தப் பத்துப் பேரும் அங்கே இல்லை. நுவரெலியாப் பிரதேச செயலகப் பிரிவு 1999இன் வர்த்தமானி அறிவித்தலால் இருமொழி நிர்வாகப் பிரிவாக்கப்பட்டது. ஆகவே மகஜரைத் தமிழில் கொடுக்கலாம், பதிலையும் தமிழில் கேட்கலாம். தோட்டப் பாதைக்குப் பிரதேச சபையிடம் போகிறவர்களை முன்பு ‘அது கம்பெனிக் காணி’ என்று திருப்பி அனுப்ப முடிந்தது. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டபின் தோட்டங்களுக்குள்ளும் சபை வேலை செய்ய வழி இருக்கிறது. மகஜரில் அந்தத் திருத்தத்தைக் குறிப்பிடுங்கள்.

இராஜினாமாவின் பாரசீக மூலம் ‘இசைவுப் பத்திரம்’. வழக்காடிய இருவர் சமாதானமாகி எழுதிக் கொடுத்த தாள் அது. பிறகுதான் பதவி விலகலுக்கு வந்தது. இசைவு இரண்டு பக்கமும் வேண்டும். கடிதம் கிடைத்ததும் கமிட்டி கூடி ஏற்று, அதைக் கூட்ட அறிக்கையில் பதிய வேண்டும். விலகுபவரிடமிருந்து கூட்ட அறிக்கைக் கொப்பி, பற்றுச்சீட்டுப் புத்தகம், வங்கிப் புத்தகம், இறப்பர் முத்திரை, அலுமாரிச் சாவி ஆகியவற்றை இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பெற்று, பட்டியல் எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்டு, ஒரு பிரதியை விலகுபவரிடமே கொடுத்துவிடுங்கள்.